அடிக்குறிப்பும் கணிப்பொறியும்

ஆய்வேடு ஒன்றைக் கையில் எடுப்போர் முன்னுரையைப் புரட்டுவர், முடிவுரையை நோக்குவர். இறுதியில் நிற்கும் துணைநூற்பட்டியலை ஊன்றிப் படிப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஆய்வாளன் உண்மையாக உழைத்தானா என்பதை அப்பட்டியலும் அடிக்குறிப்புகளுமே காட்டிக் கொடுத்துவிடும். எம்மையும் அவை ஒருமுறை காட்டிக் கொடுத்தன. மாணவர் முன்னிலையில் அதனை எடுத்துரைக்க நாணம் தடுக்கிறது. எனினும் எழுதத் துணிந்தோம்.

2004ஆம் ஆண்டு நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகக் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து முதலிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளை ஆராய்ந்து கொண்டிருந்தோம். அந்நாளில் எமக்குத் துணை, அஞ்சலட்டை அளவில் வெட்டிய தடித்தாள்களே. நூலுக்கு ஓர் அட்டை, செய்திக்கு ஓர் அட்டை என எழுதி, செருப்புக் கடையில் வாங்கிய வெற்றுப் பெட்டியில் அடுக்கி வைப்போம். பட்டியலை அகரவரிசைப்படுத்த வேண்டிய இரவில் கூடம் முழுவதும் அட்டைகளைப் பரப்பினோம். வீட்டார் நடக்க வழியில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு அமர்ந்து வரிசைப்படுத்தி முடித்தோம். மறுவாரம் புதிதாக ஐந்து நூல்கள் சேர்ந்தன. மீண்டும் அதே கூடம், அதே வியர்வை.

அவ்வேட்டில் ஓரிடத்தில் பழைய பதிப்பு நூல் ஒன்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்தாண்டு, அடிக்குறிப்பில் பக்கம் 213 என்று குறித்தோம். அந்நூலை நாம் கண்ணால் கண்டதில்லை. வேறோர் அறிஞரின் நூலில் இருந்த அடிக்குறிப்பைப் பார்த்து, நாமே பார்த்தது போல் எழுதிவிட்டோம். ஏட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது, சென்னை சென்று வரக் கையில் பொருளில்லை என்று அப்போது மனத்திற்குச் சமாதானம் சொல்லிக் கொண்டோம். பட்டமும் வந்தது. பக்கம் 213 மறந்தும் போயிற்று.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019இல், எமது வழிகாட்டுதலில் முதுகலை இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய மாணவி ஒருவர், “ஐயா, அட்டையெல்லாம் வேண்டாம், இதைப் பாருங்கள்” என்று தம் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். சோட்டெரோ என்னும் மென்பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் 2006இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஆய்வாளர் எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் பெயர், கைவரப் பெறுதல் என்னும் பொருளுடைய அல்பேனிய மொழிச் சொல்லின் வழி வந்ததாம். எண்ட்நோட் முதலிய வேறு மென்பொருள்களும் உள. அது விலைக்கு விற்கப்படுவது. மெண்டலே என்பதை 2013இல் எல்செவியர் என்னும் பெரும் பதிப்பகம் வாங்கிக் கொண்டது. எம் மாணவர்தம் பொருள்நிலைக்குச் சோட்டெரோவே ஏற்றது.

நூலகப் பட்டியல் ஒன்றை இணையத்தில் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு யாவும் தாமே வந்து அமர்கின்றன. கட்டுரையைத் தட்டச்சிடும்போதே, வேண்டிய இடத்தில் அடிக்குறிப்பைச் செருகலாம். இறுதியில் ஒரு கட்டளை. பட்டியல் அகரவரிசையில் வந்து நிற்கிறது. ஒரு நெறியில் அமைத்ததை வேறொரு நெறிக்கு மாற்றுவதும் நொடிப்பொழுதுச் செயலே. எம் கூடமும் வியர்வையும் நினைவுக்கு வரச் சற்றே பொறாமையும் எழுந்தது என்பதை மறைப்பானேன்?

வாய்மொழித் தேர்வு நாளன்று புறத்தேர்வாளர் அம்மாணவியின் ஏட்டைப் புரட்டினார். துணைநூற்பட்டியலின் ஒழுங்கைப் பாராட்டினார். பின்னர் ஓரிடத்தில் விரலை வைத்து, “இந்த நூலை எங்கே பார்த்தாய் அம்மா?” என்றார். மாணவி விடை கூறவில்லை, எம்மைப் பார்த்தார். “என்னிடம் இந்த நூல் இருக்கிறது. 184ஆம் பக்கத்தோடு முடிந்துவிடும். நீ 213 என்று போட்டிருக்கிறாயே” என்றார் அவர். மாணவி எடுத்தாண்டது எமது 2004ஆம் ஆண்டு ஏட்டிலிருந்து. ஆசிரியர் எழுதியதாயிற்றே என்று நம்பிப் பதிவு செய்திருக்கிறார். எமது பொய்க்கு மென்பொருள் வெண்ணிற ஆடை உடுத்தி, நிறுத்தற்குறி பிழையாது வரிசையில் நிறுத்தியிருந்தது.

பிழை எம்முடையது என்று அங்கேயே எழுந்து சொன்னோம். தேர்வாளர் பெருந்தன்மையோடு வேறு வினாவிற்குச் சென்றார். ஆயினும் அன்று தலைகுனிந்து நின்ற மாணவியின் முகம் இன்றும் அகலவில்லை.

பின்னொரு நாள் எம்மூர் ஹஜ்ரத் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர், “ஹதீஸ் கலையில் இதற்குப் பெயரே உண்டு தம்பி, தத்லீஸ்” என்றார். இடையில் ஒருவர் வழியாகக் கேட்டதை, அவரை மறைத்து, மேலுள்ளவரிடமே நேரில் கேட்டது போல் தோன்றச் சொல்வதே தத்லீஸ். அவ்வாறு செய்வோர் இன்னார் இன்னார் எனப் பழைய அறிஞர் தனிநூல்களே எழுதி வைத்தனர். இதனைக் கேட்ட பின் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகே நாம் சோட்டெரோவை முறையாகக் கற்றோம். கற்கக் கற்க, அது நம் மரபை அறியாப் பிள்ளை என்பது தெளிவாயிற்று. ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயர், இடுபெயர் என இரு கட்டங்களில் கேட்பது அதன் இயல்பு. குணங்குடி மஸ்தான் சாகிபு எனத் தொடராக வரும் பெயரைக் கடைசிச் சொல்லில் வெட்டி, ‘சாகிபு, குணங்குடி மஸ்தான்’ என்று ஆக்கிவிடுகிறது. வண்ணப் பரிமளப் புலவர் புகரத்தில் போய் நிற்கிறார். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பகரத்தில். லெப்பைகளும் மரைக்காயர்களும் ராவுத்தர்களும் தத்தம் பட்டப்பெயரின் கீழ் ஊர்வலமாகக் கூடிவிடுவர்! பெயர்க் கட்டத்தின் அருகே உள்ள குறியை அழுத்தி, இரு கட்டங்களை ஒரே கட்டமாக்கிப் பெயரை முழுமையாக இட வேண்டும். ஆங்கில நெறியைத் தெரிவு செய்தால் ‘பதிப்பாசிரியர்’ என வர வேண்டிய இடத்தில் ‘எட்.’ என்று நுழைவதையும் கவனித்தல் வேண்டும்.

ஆண்டு இதனினும் இடர் தருவது. நம் பழைய அச்சு நூல்கள் பலவற்றின் முகப்பில் ஹிஜ்ரி ஆண்டே காணப்படும். ஹிஜ்ரி 1300 என்பதை அப்படியே ஆண்டுக் கட்டத்தில் இட்டால், மென்பொருள் அதனைக் கி.பி. 1300 எனக் கொண்டு, அந்நூலை உமறுப்புலவர் பிறப்பதற்கு முன்னரே அச்சேற்றிவிடும். ஹிஜ்ரி 1300, 1882 நவம்பரில் தொடங்கி மறு நவம்பரில் முடிவது. ஆகவே மாதம் தெரியாதபோது 1882-83 என்றே குறித்தல் முறை. முகப்பில் உள்ள ஹிஜ்ரி எண்ணை அதன் கீழுள்ள கூடுதல் செய்திக் கட்டத்தில் காத்து வைக்கலாம். இவை பொத்தானை அழுத்தி வருவன அல்ல. முகப்புப் பக்கத்தைக் கண்ணால் பார்த்தவர் கையால் இட வேண்டியவை.

இப்பொழுது எம்மிடம் ஆய்வேடு எழுதும் மாணவரை ஒன்று கேட்டுக் கொள்கிறோம். அம்மென்பொருளில் ஒவ்வொரு நூலுக்கும் அடையாளச் சொல் இடும் வசதி உண்டு. நூலையோ அதன் மின்படியையோ பார்த்திருந்தால் ‘கண்டது’, இல்லையேல் ‘காணாதது’ என இடச் செய்கிறோம். காணாதது என்று குறித்தவற்றை, எவர் நூலில் கண்டனரோ அவர் பெயரையும் சேர்த்தே அடிக்குறிப்பில் எழுதுவர். கடந்த ஆண்டு ஒரு மாணவரின் பட்டியலில் 62 நூல்களுள் 19 காணாதவை. முதலில் வெட்கப்பட்டார், பிறகு அவற்றுள் பதினொன்றைத் தேடிக் கண்டுவிட்டார்.

நாமும் சென்னை சென்று கன்னிமாரா நூலகத்தில் அந்தப் பழைய நூலைக் கண்டோம். நாம் எடுத்தாண்ட செய்தி 113ஆம் பக்கத்தில் இருந்தது. எமக்கு முன் எழுதிய அறிஞரின் நூலில் ஓர் எண் அச்சுப்பிழையாகியிருக்கலாம். நம் கல்லூரி நூலகத்திலுள்ள எமது ஏட்டில், அப்பக்கத்தில், திருத்தத் துண்டு ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டு ஒட்டிவிட்டோம். பல்கலைக்கழகத்தில் உள்ள படியிலும் ஒட்டுவதற்கு இசைவு கேட்டு மடல் எழுதியுள்ளோம்.