'கோ'வில் எது முதலில் வரும்?

கலைப் பீடம் என்று சொன்னால் போதும், ஊரில் எல்லோருக்கும் எங்கள் எதிர்காலம் தெரிந்துவிடும். "படிச்சு முடிய போராட்டத்துக்குப் போவீங்க, பிறகு நியமனம் வரும்" என்பார்கள். பகிடிதான், ஆனால் முழுப் பகிடியும் இல்லை. 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்த அண்ணாமாரும் அக்காமாரும் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். கொம்பியூட்டர் வேலையா? "அது மெத்ஸ் படிச்ச பிள்ளையளுக்கு."

நாங்கள் மூன்று பேர். சொந்த இடம் குச்சவெளி, திருகோணமலை டவுனில் இருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வடக்கே. வந்தாறுமூலையில் தமிழும் புவியியலும் படிக்கிறோம். போன விடுமுறையில் நிலாவெளியில் ஓர் அக்காவிடம் வேலை பழகப் போனோம். வீட்டில் இருந்தபடியே இணையத்தளம் செய்து கொடுப்பவர். அவரும் ஏ.எல்.லில் கலைப் பிரிவுதான். 2002 அளவில் டவுனில் ஒரு டைப்செட்டிங் கடையில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபிளாஷ் பழகி, அசையும் விளம்பரங்கள் செய்தார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டது. இப்போது கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வேர்ட்பிரஸ் தளங்கள். "மூண்டு தரம் தொழில் மாறிட்டன். கதிரை மட்டும் மாறேல்ல" என்று சிரிப்பார்.

எங்களுக்கு அவர் தந்த முதல் வேலை ஒரு பழைய சீடி. கடைக் காலத்தில் அவர் தட்டச்சுச் செய்த ஒரு பாடசாலை மலர் அதில் இருந்தது. அச்சுப் பிரதி ஒன்றுகூட எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. இடம்பெயர்வும் 2004 சுனாமியும் கொண்டுபோன கடதாசிகளுக்குக் கணக்கில்லை. அதை யுனிகோடுக்கு மாற்றி இணையத்தில் ஏற்ற வேண்டும்.

கோப்பு முழுக்க பாமினி. இப்போதைய போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஏனென்றால் பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளைத்தான் அழுத்த வேண்டும். கணினி அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கும். மேலே போர்த்திய எழுத்துரு மட்டும்தான் தமிழ். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை.

சரி, ஜே வந்தால் 'த' என்று ஒவ்வொன்றாக மாற்றிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பாமினியில் 'கோ' அடிக்கும்போது முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் அரவு. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. யுனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். ஒன்றுக்கு ஒன்றாக மாற்றினால் கொம்பு முன்னால் இருக்கிற எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி போன்ற கருவிகள் இந்த இடமாற்றத்தையும் சேர்த்தே செய்பவை.

எங்களுக்கு இதில் ஒன்று சட்டென்று பிடிபட்டது. உயிர்மெய்யில் மெய் முந்தி ஒலிக்கும், உயிர் பிந்தி வரும் என்பது தொல்காப்பியத்தில் இருக்கிறது. முதலாம் வருடத்தில் பரீட்சைக்குப் பாடமாக்கிய விஷயம். யுனிகோட் தமிழைச் சேமிப்பது அந்த ஒழுங்கில்தான். மெத்ஸ் படித்தவர்களுக்கு மட்டும் என்று சொன்ன வேலையின் நடுவில் எங்கள் இலக்கணப் பாடம் குந்திக்கொண்டிருந்தது!

இப்படி வேறொரு படிப்பில் இருந்து வந்தவர்கள் இந்தத் துறையில் புதிதும் இல்லை. எங்களுக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிபவர் அதிராம்பட்டினத்து உமர் தம்பி. எங்களைப் போல கடற்கரை ஊர்க்காரர். பட்டம் பெற்றது விலங்கியலில். பிறகு மின்னணுவியல் பழகி, துபாயில் வேலை செய்தார். கணினி அதற்குப் பிறகுதான். விண்டோஸ் 98 காலத்துக் கணினிகளில் யுனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. வாசகர் தன் கணினியில் எதையும் நிறுவாமலே தமிழ்ப் பக்கத்தை வாசிக்கட்டும் என்று 'தேனீ' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006இல் காலமானார். 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டத் தொடங்கிய யாழ்ப்பாணத்து மயூரநாதனும் தொழிலால் கட்டிடக்கலைஞர்.

அக்காவிடம் பழகியதில் நாங்கள் கொப்பியில் எழுதி வைத்தவை சில:

கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமி. இல்லாவிட்டால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதே, சுருக்கு. பார்க்கிறவரின் டேட்டா அவருடைய காசு.

தள முகவரியை உரிமையாளரின் பெயரிலேயே பதிவு செய். இங்கே ஒரு விடுதியின் தளம் இதனால் இல்லாமல் போனது. செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். சீசன் தொடங்கும் நேரம், முகவரி காலாவதி.

என்ன வேலை, எத்தனை திருத்தம், எவ்வளவு காசு என்று எழுதி அனுப்பிவிட்டுத் தொடங்கு. சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுது.

எதற்கும் இரண்டு பிரதி, இரண்டு இடத்தில்.

இதில் ஃபிளாஷும் இல்லை, பாமினியும் இல்லை. அக்கா மூன்று தொழிலுக்கும் கொண்டுபோனவை இவைதான் என்று நினைக்கிறோம்.

மாற்றி முடிந்த பிறகும் வரி வரியாக வாசிக்க வேண்டும். "மெஷின் மாத்தித் தரும். வாசிக்கத்தான் ஆளில்ல. நீங்க தமிழ் படிக்கிறீங்கதானே?" என்றார். வாசித்தோம். எங்களில் ஒருவரின் சித்தி ஒன்பதாம் வகுப்பில் எழுதிய கட்டுரை அதில் இருந்தது, கடலாமைகள் பற்றி. சித்தி 2004 டிசம்பரில் போனவர். அவர் எழுதியதாக வீட்டில் மிஞ்சியது வேறெதுவும் இல்லை. அவருடைய பெயரில் ஒரு 'கோ' இருக்கிறது. அந்த எழுத்தை மூன்று பேரும் மூன்று தரம் சரிபார்த்தோம். அம்மம்மாவுக்கு போனில் பெரிதாக்கிக் காட்டியபோது, வாசிக்காமல் பெயரை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் இன்னும் "நியமனம் வந்தா விட்டுடாத" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களின் பயம் நியாயம். கடலை நம்பிய குடும்பங்களுக்கு மாதம் முடியக் கைக்கு வரும் காசின் அருமை தெரியும். அக்காவும் பட்டத்தை விடச் சொல்லவில்லை. "முடியுங்கோ. ஆனா சும்மா காத்திருக்காதைங்கோ" என்றார். இறுதி வருடம் தொடங்க முன்னர் இன்னும் இரண்டு மலர்கள் செய்து முடிக்க இருக்கிறோம். சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் அடுத்த முறை "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பாமினிக் கோப்புகளோடு ஒரு பழைய சீடி கிடக்கலாம். சீடிகள் நெடுநாள் தாங்காது. இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.