சியான் கொஞ்சம் தூக்கல்

ஊட்டி தாவரவியல் பூங்காவைக் குறைந்தது முப்பது தடவையாவது அச்சடித்திருப்பேன். 2024 வரை நேரில் பார்த்ததில்லை. சிவகாசி மாதக் காலண்டரில் மே மாதத்துக்கு அந்தப் புல்வெளி வராத வருஷம் அபூர்வம். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டிக்குப் பூ பளிச்சென்று இருக்க வேண்டும். எனவே மெஜந்தா மையை ஏற்றுவோம், வானத்துக்குச் சியான் என்கிற நீல மையைத் தூக்குவோம். இருபத்தைந்து வருஷமாக என் ஊட்டி அதுதான்.

2024 மே மாதம் ஊட்டி போக வேன் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. 9-ம் தேதி சிவகாசி அருகே செங்கமலப்பட்டிப் பட்டாசு ஆலையில் வெடி விபத்து. டீக்கடையில்கூட யாரும் குரல் உயர்த்திப் பேசாத வாரம் அது. "இந்த நேரத்துல பூ பாக்கப் போகணுமா?" என்றாள் மனைவி. எனக்கும் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் பையெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள், கிளம்பிவிட்டோம்.

உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த மாதம் 7-ம் தேதியிலிருந்துதான் ஊட்டிக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டிச் செல்போனை நீட்டிவிட்டு மலை ஏறினோம். சிவகாசியில் மழை வந்தால் பட்டாசு மருந்து காயாது, வேலை நின்றுவிடும். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டதற்கு எங்கள் வறண்ட வெயிலும் ஒரு காரணம். குன்னூர் தாண்டியதும் கண்ணாடியில் ஈரம் படிந்தபோது, ஊர்ப் பழக்கத்தில் வயிற்றில் ஒரு பதற்றம்.

பூங்காவின் கதை காய்கறியில் தொடங்குகிறது. 1847-ல் ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். மறு வருஷம் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து, தொட்டபெட்டா மலைச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டித் தாவரவியல் பூங்காவாக்கினார். 55 ஏக்கர். மேலே போனால் தோடர்கள் வாழும் மந்து. மலர்க் கண்காட்சி 1896-ல் தொடங்கியது. நாங்கள் பார்த்தது 126-வது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று மே மாதம் முழுக்க மலைக்குத் திருவிழாதான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன்.

பூவால் கட்டிய மலை ரயிலின் முன்னால் செல்ஃபிக் கூட்டம். எனக்கு அது பிடிக்கவில்லை. பறித்துக் குத்திய பூ மூன்றாம் நாள் ஓரம் கருகுகிறது. நான் நின்றது காட்சி மாடத்தில். படிப்படியாகத் தொட்டிகள்: சால்வியா, பெட்டூனியா, பேன்சி, டேலியா. புஸ்வாணப் பெட்டியில் எங்கள் ஊரில் 'பிளவர் பாட்ஸ்' என்றுதான் அச்சடிப்போம். இத்தனை பிளவர் பாட்ஸை ஒரே இடத்தில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பேன்சியைக் குனிந்து பார்த்தேன். ஊதா இதழின் நடுவில் கறுப்பு; அந்தக் கறுப்பிலிருந்து மயிரிழைக் கோடுகள் மஞ்சளுக்குள் ஓடுகின்றன. லென்ஸ் வைத்தாலும் அச்சுப் புள்ளி தெரியாது. நாலு கலர் மெஷினில் இந்தக் கோடு சேறாகிவிடும்.

காய்ந்த பூவைக் கிள்ளிக்கொண்டிருந்த தோட்டக்கார அம்மா, "எந்த ஊருங்க?" என்றார்.

"சிவகாசி."

கிள்ளிய கை நின்றது. "டிவில பாத்தமுங்க" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "விதை போட்டு அஞ்சு மாசம் ஆச்சுங்க. பனியில கருகாம மிலார் செடிய வெட்டியாந்து மூடி வச்சு, ஒவ்வொரு தொட்டியா கையில தூக்கி அடுக்குனது. பத்து நாளு."

"எங்களுக்கு ஒரே ராத்திரிம்மா" என்றேன்.

புல்வெளி ஓரத்தில் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பட்டாசு ஆலையில் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் விதிமீறல். கூட வந்திருந்த மனைவியின் தங்கை அங்கே மருந்து தொடுகிற வேலைக்குப் போகிறவள், மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குக் கீழ உக்காந்தா யாரும் விரட்ட மாட்டாங்கல்லா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். லேபிள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது: லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தோட்டத்தில், விக்டோரியா ராணி காலத்தில், 1865 முதல் பிராக் குடும்பத்தார் வாணவேடிக்கை நடத்தினார்களாம். பூவும் மருந்தும் ஒரே டிக்கெட்டில்! அவளிடம் சொன்னேன். "அங்க மருந்து அடைச்சது யாரு?" என்றாள்.

ஊர் திரும்பியதும் ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட வேண்டும். புரூஃப் மேஜைக்கு அதே ஊட்டிப் படம் வந்தது. சியானைக் குறைக்கச் சொன்னேன். மேகமும் புல்லும் நான் பார்த்த சாம்பல் ஈரத்துக்கு வந்தன. வாட்ஸ்அப்பில் பார்ட்டிக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிஷம் போன்.

"என்ன அண்ணாச்சி, வானம் வெளுத்துக் கிடக்கு? ஊட்டி மாதிரியே இல்லையே!"

சியானைத் தூக்கினோம்.