19 பேர் வகுப்பு

கல்லூரியில் முதல் வருடம் முடிந்து மகளைத் திருப்பூருக்குக் கூட்டிவரப் போயிருந்தோம். ஜன் சதாப்தியில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் பொறையாறு. போன வருடம் இதே வழியில் பெட்டி படுக்கையோடு போனபோது அவங்கப்பா வாயே திறக்கவில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் இன்ஜினியரிங் படிப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர். அவள் எடுத்ததோ பி.ஏ. வரலாறு. அதுவும் பேர் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாத சின்னக் கல்லூரியில்.

வகுப்பில் மொத்தமே 19 பேர். ஐப்பசி மழையில் இவள் காய்ச்சலில் கிடந்தபோது துறைத் தலைவர் வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்குக் கஞ்சி வந்திருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரியும். (அன்றைக்கே தெரிந்திருந்தால் கையோடு கூட்டி வந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையாம்!)

மறுநாள் எங்களைத் தரங்கம்பாடிக்கு இழுத்துப் போனாள். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்ட ஆரம்பித்த டேன்ஸ்போர்க் கோட்டை. 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு இங்கேயே தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவங்கப்பா திடீரென்று நின்றார்.

"டென்மார்க்காரங்க அத்தனை தூரத்துலருந்து எதுக்கு வந்தாங்க அம்மிணி?"

"மிளகு வாங்கறதுக்குங்ப்பா. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் குடுத்தாரு."

"அட, இதுவும் எக்ஸ்போர்ட் யாவாரந்தானா!"

ஒரு வருடத்தில் அவள் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. திரும்பும்போது கரூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். நான் தூங்கிவிட்டேன்.