கடைசிப் படகுக்குப் பிந்தைய வரென்னா

மிலானிலிருந்து திரானோ போகும் ரயிலில் ஏறுகிறவர்கள் இடதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்வது நல்லது. லெக்கோ நகரம் வரும்வரை சாதாரணப் பயணம்தான். தொழிற்சாலைகள், அடுக்குமாடி வீடுகள், இடையிடையே வயல். லெக்கோவைத் தாண்டியதும் தண்டவாளம் ஏரியை ஒட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும். சுரங்கப்பாதையின் இருட்டு, வெளியே வந்ததும் தண்ணீர், மறுபடி இருட்டு, மறுபடி தண்ணீர். மிலான் மத்திய நிலையத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒண்டியிருக்கும் ஒரு சின்ன நிலையத்தில் இறங்கலாம். பெயர்ப் பலகையில் மூன்று ஊர்களின் பெயர் இருக்கும்: வரென்னா, எசினோ, பெர்லேதோ. மற்ற இரண்டும் மலைமேல் இருக்க, தண்ணீரோரம் இருப்பது வரென்னா. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர்.

இத்தாலிய ஏரிக்கரையில் சில நாட்கள் ஓய்வாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் போடும் திட்டம் எனக்குத் தெரியும். ஒரு நாள் கோமோ, ஒரு நாள் மஜ்ஜோரே, ஒரு நாள் கார்தா. அப்படிப் போனால் பெட்டியைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே விடுமுறை கரைந்துவிடும். ஓய்வுதான் நோக்கம் என்றால் ஓர் ஊர், ஓர் அறை போதும். அந்த ஊர் வரென்னாவாக இருக்கட்டும் என்பேன். அதுவும் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவராக வேண்டாம், இரவு தங்குகிறவராக வாருங்கள்.

வரென்னா இருக்கும் கோமோ ஏரி, தலைகீழாகக் கவிழ்ந்த ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம் கொண்டது. பனியுகத்தில் பனிப்பாறைகள் அரித்துத் தோண்டிய பள்ளம் இது. ஆழம் 400 மீட்டருக்கும் மேல். ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. வடக்கே நுழையும் அத்தா ஆறு தென்கிழக்குக் கிளையின் முனையில் லெக்கோ வழியாக வெளியேறுகிறது. தென்மேற்குக் கிளையின் முனையில் உள்ள கோமோ நகரத்திலிருந்து தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. இரண்டு கிளைகளும் பிரியும் முனையில் பெல்லாஜியோ. அதற்கு எதிரே, கிழக்குக் கரையில், ஏரி தன் முழு அகலத்துக்கு விரிந்து கிடக்கும் இடத்தில் வரென்னா. மூன்று கிளைகளின் தண்ணீரும் கண்ணெதிரே ஒன்றுசேரும் காட்சி கரையோரம் நின்றாலே கிடைக்கும்.

மேற்கு பார்த்த ஊர் என்பதை இங்கே தங்க வருகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதுகுப்புறம் க்ரீஞ்ஞா மலைத்தொடர் எழுந்து நிற்பதால் காலை வெயில் தாமதமாகவே வரும். அதற்கு ஈடாக மாலை வெயில் முழுவதும் இந்தக் கரைக்குத்தான். எதிர்க்கரை ஊர்கள் மலைநிழலில் மூழ்கிய பிறகும் வரென்னாவின் காவி, மஞ்சள், ரோஜா நிறச் சுவர்கள் வெளிச்சத்தில் நிற்கும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குக்கூட வானம் இருட்டாது. எனவே அறை எடுக்கும்போது ஏரியைப் பார்த்த ஜன்னல் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் சான் ஜார்ஜோ சதுக்கம். பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் மணிக்கூண்டு, சில மரங்கள், ஒன்றிரண்டு காபிக் கடைகள். சதுக்கத்திலிருந்து ஏரியை நோக்கிக் குறுகிய படிக்கட்டுச் சந்துகள் இறங்குகின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். கீழே பழைய படகுத்துறை, வளைவு வைத்த திண்ணைகள், கூழாங்கல் கரை. அங்கிருந்து புதிய படகுத்துறைவரை பாறையை ஒட்டித் தண்ணீருக்கு மேலாகவே ஒரு நடைபாதை தொங்குகிறது. சிவப்பு இரும்புக் கைப்பிடி போட்ட அந்தப் பாதையைக் காதலர் நடைபாதை என்கிறார்கள். மாலையில் அங்கே வயதானவர்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

இந்த ஊர் வளர்ந்ததில் அகதிகளுக்கும் பங்கு உண்டு. எதிர்ப்புறம், மேற்குக் கிளையில், கொமாசினா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. மிலானுக்கும் கோமோவுக்கும் நடந்த போரில் தீவுக்காரர்கள் மிலான் பக்கம் நின்றார்கள். 1169இல் கோமோ படை தீவைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. தப்பியவர்கள் படகேறி இந்தக் கரைக்கு வந்து குடியேறினார்கள். அதனால் சில காலம் இந்த ஊருக்கே புதிய தீவு என்ற பெயர் வழங்கியது. அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தீவில் இன்றும் பார்க்க முடியும். அங்கிருந்து வந்தவர்கள் காலூன்றிய கரையில் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அடுப்பு எரிகிறது.

இனி ஊரின் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை பத்து, பதினொரு மணி வாக்கில் ரயிலிலும் படகிலும் கூட்டம் வந்து இறங்கும். நடைபாதையில் படம் எடுக்க வரிசை நிற்கும். மதியம் சந்துகளில் தோள் உரசாமல் நடக்க முடியாது. ஐந்து, ஆறு மணிக்குக் கூட்டம் வடியத் தொடங்கும். அதன் பிறகு ஊர், ஊர்க்காரர்களுக்கும் இரவு தங்குகிறவர்களுக்கும் திரும்பக் கிடைக்கும். பகலில் மட்டும் வந்துபோனவர்கள் வரென்னா நெரிசலான இடம் என்று சொல்வார்கள். அவர்கள் பார்த்த வரென்னா அதுதான். காலை ஏழு மணிக்குக் கரையில் உட்கார்ந்தவர் பார்ப்பது வேறோர் ஊர்.

ஏரிக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. விடியற்காலையில் வடக்கிலிருந்து இறங்கும் காற்றுக்குத் தீவானோ என்று பெயர். நடுப்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து எதிர்த்து வரும் காற்று ப்ரேவா. நல்ல வானிலையில் இரண்டும் முறை மாறாமல் வீசும். படகோட்டிகளும் பாய்மரக்காரர்களும் இவற்றை நம்பித்தான் பிழைத்தார்கள். நமக்கும் இது பயன்படும். வெயில் நாளில் மதிய உறக்கம் முடிந்து ஜன்னலைத் திறந்தால் ப்ரேவா அறைக்குள் வரும்.

கூட்ட நேரத்தைக் கழிக்க ஊரிலேயே இடம் இருக்கிறது. தெற்கு முனையில் உள்ள வில்லா மொனாஸ்தேரோ, பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சிஸ்டர்சியன் கன்னியர் மடமாகத் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டில் மடம் மூடப்பட்டு, மொர்னிகோ என்ற செல்வந்தக் குடும்பத்தின் மாளிகையானது. ஏரியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு அதன் தோட்டம் நீண்டு கிடக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கு இவ்வளவு பக்கத்தில் பனைவகை மரங்களும் எலுமிச்சையும் கற்றாழையும் செழிப்பதற்குக் காரணம் ஏரிதான். கோடையில் வாங்கிய வெப்பத்தை அது குளிர்காலத்தில் மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது.

அந்த மாளிகையில் 1953 முதல் இத்தாலிய இயற்பியல் கழகம் கோடைக்காலப் பள்ளி நடத்துகிறது. மறு ஆண்டு கோடையில் அங்கே வந்து பாடம் நடத்தியவர் என்ரிகோ ஃபெர்மி. 1938இல் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனவர், யூத மனைவியோடு அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விட்ட மனிதர். வரென்னாவில் பாடம் நடத்திய அதே ஆண்டு நவம்பரில் சிகாகோவில் இறந்தார். பள்ளிக்கு இன்று அவர் பெயர். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் சிகாகோவில் ஃபெர்மியோடு சேர்ந்து, விண்மீன் மண்டலத்தின் காந்தப்புலத்தை அளக்கும் வழியைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது 1953இல். வானியலில் அந்த முறை இருவர் பெயராலும் அறியப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தோட்டத்தின் கல் இருக்கையில் உட்காருவது எனக்குத் தனிச் சந்தோஷம். உடல்நலம் குன்றிக்கொண்டிருந்த கோடையில் ஃபெர்மி பார்த்த தண்ணீர் இது.

நடக்கப் பிடித்தவர்களுக்கு இரண்டு பாதைகள். ஒன்று, ஊருக்கு மேலே வேஸியோ கோட்டைக்குக் கல்படி ஏற்றம். அரை மணி நேரம் போதும், மூச்சு வாங்கும். லொம்பார்து அரசி தெயோதொலிந்தா கட்டியது என்பது ஊர்வழக்கு. ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஒரு சதுரக் கோபுரம், பழக்கிய வேட்டைப் பறவைகள், கோபுரத்தின் மேலிருந்து ஏரியின் விரிவு. மழை நாளில் கோட்டையை மூடிவிடுவார்கள். இன்னொன்று தெற்கே ஃபியுமெலாத்தே போகும் பாதை. சுமார் 250 மீட்டர் மட்டுமே ஓடும் ஒரு ஆறு அங்கே பாறைக்குள்ளிருந்து பீறிட்டு, நுரைத்து, வெள்ளை வெளேரென்று ஏரியில் விழுகிறது. வசந்தத்தில் பெருகி இலையுதிர் காலத்தோடு அடங்கிவிடும். லியோனார்தோ தா வின்சி தன் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் போனால் வெறும் பாறைதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஏரியின் தனிச்சிறப்பு மிஸ்ஸொல்தீனோ. அகோனே என்ற மீனை வயிறு கீறிச் சுத்தம் செய்து, உப்புப் போட்டு, காற்றில் உலர்த்தி, பிரிஞ்சி இலை வகையைச் சேர்ந்த லாரெல் இலைகளோடு தகரப் பெட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து அழுத்தி விடுகிறார்கள். எண்ணெய் கசிந்து மேலே வரும். மாதக்கணக்கில் கெடாது. சுருக்கமாகச் சொன்னால் கருவாடு. அதைத் தணலில் வாட்டி, வினிகரும் ஆலிவ் எண்ணெயும் தெளித்து, மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் பொலெந்தாவோடு தருவார்கள். கருவாட்டு மணம் பிடித்தவர்கள் தயங்காமல் கேட்கலாம். வெண்ணெயில் பொரித்த பெர்ச் மீன் துண்டுகளைக் குழைந்த அரிசிச் சோற்றின் மேல் வைத்துத் தரும் ரிசொட்டோவும் இந்தக் கரையின் உணவுதான்.

சைவர்களும் இங்கே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பக்கத்து வால்தெல்லினா பள்ளத்தாக்கின் பிட்சொக்கெரி இருக்கிறது. பாப்பரை மாவில் செய்த பட்டை நூடுல்ஸை உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, பூண்டு தாளித்த வெண்ணெய் சேர்த்துக் கிளறித் தருவார்கள். ஒரு தட்டு சாப்பிட்டால் இரவு வேறெதுவும் வேண்டாம். ரிசொட்டோ கேட்கும்போது மட்டும் எதில் வேகவைத்தது என்று விசாரியுங்கள், இறைச்சிச் சாறு சேர்ப்பது வழக்கம். கட்டுப்பாடு மிகுந்த சைவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று: இத்தாலியின் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பலவற்றுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை ஊற்றுகிறார்கள்.

படகுக்கு வருவோம். வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜோ, கதெனாப்பியா என்ற நான்கு துறைகளுக்கிடையே நாள் முழுவதும் படகு உண்டு. கார் ஏற்றும் பெரிய படகிலும் நடந்து ஏறலாம். பெல்லாஜியோவுக்குக் கால் மணி நேரம்தான். அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. காலை முதல் படகில் போய் வில்லா மெல்ஸி தோட்டத்தைப் பார்த்துவிட்டு, கூட்டம் வரும் நேரத்தில் திரும்பிவிடலாம். ஒரு நாள் முழுவதும் ஒதுக்கத் தகுந்த இடம் லென்னோவில் உள்ள வில்லா பால்பியனெல்லோ. 1973இல் இத்தாலியரின் முதல் எவரெஸ்ட் பயணத்துக்குத் தலைமை தாங்கிய குயிதோ மொன்ஸினோவின் வீடு அது. 1988இல் இறந்தபோது தேசிய மரபுரிமை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பயணக் கருவிகளும் வரைபடங்களும் அவர் வைத்தபடியே இருக்கின்றன. வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும், பார்த்துக்கொண்டு போக வேண்டும். படகு அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். மாலையில் கடைசிப் படகு நினைப்பதைவிடச் சீக்கிரமே போய்விடும்.

எந்த மாதம்? மே மாதமும் செப்டம்பரும் என்று தயங்காமல் சொல்வேன். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலி முழுவதும் விடுமுறையில் இருக்கும், விலையும் கூட்டமும் உச்சத்தில் நிற்கும். நவம்பர் முதல் மார்ச் நடுவரை பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் அடைத்துக் கிடக்கும். கோடையிலும் மலையில் திடீரென்று இடிமழை இறங்கும்; மழைச்சட்டை இல்லாமல் வராதீர்கள். ஊர் சிறிது, அறைகள் குறைவு. ஆகவே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தங்குமிடத்தை உறுதிசெய்வது நல்லது. விசாவுக்கும் அந்தச் சான்று தேவைப்படும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம், படிக்கட்டுச் சந்துகளில் அதைத் தூக்கித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்து வருகிறவர்கள், அறைக்கு எத்தனை படி என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

நான்கு இரவுகளாவது தங்க வேண்டும். முதல் நாள் களைப்பில் போய்விடும். மலையேற்றத்துக்கு ஒரு நாள், படகுக்கு ஒரு நாள், எதுவும் செய்யாமல் இருக்க ஒரு நாள். அந்தக் கடைசி நாளைத்தான் பலரும் முதலில் வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் தொடாதீர்கள்.

திரும்பும்போது மிலானுக்கே போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதே ரயில் பாதை வடக்கே திரானோவில் முடிகிறது. 1902இல் உயர் அழுத்த மும்முனை மின்சாரத்தில் ரயில் ஓட்டி உலகுக்கு வழிகாட்டிய பாதை இது. வடிவமைத்தவர் ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காந்தோ. திரானோவிலிருந்து சிவப்பு நிற பெர்னினா ரயில் 2,253 மீட்டர் உயரம்வரை ஏறி, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் இறக்கிவிடும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். அதை ஊர் திரும்பும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசா அங்கேயும் செல்லும்.