துப்ளெக்ஸில் இறங்கினேன்

மே 4, 2023, வியாழன். குயிலாப்பாளையம்

கத்திரி இன்றைக்குத் தொடங்குகிறது. கடை வாசலில் ஆறு வண்டி சும்மா நிற்கிறது, சீட்டில் கை வைக்க முடியவில்லை. இந்த மாதம் யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் ஊரைவிட்டுக் கிளம்ப முடிகிறது. நாளை சென்னை, அங்கிருந்து தோஹா வழியாகப் பாரீஸ். டிக்கெட் போட்டு அனுப்பியது முத்தியால்பேட்டை மாமா.

பதினாறு வருஷமாக ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறேன். சாவியை வாங்கும்போது முக்கால்வாசிப் பேர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, டூரிஸ்ட் போகாத இடம் ஏதாவது சொல்லுங்க." முந்திரித் தோப்பு வழியாகப் பொம்மையார்பாளையம் கடலுக்குப் போகிற மண்பாதையைச் சொல்லுவேன். அடுத்த வாரம் அங்கே பத்து வண்டி நிற்கும். பிறகு வேறொரு பாதை தேடவேண்டும். இந்தத் தடவை கேட்கிற முறை எனக்கு.

மே 6, சனி. பாரீஸ்

மாமாவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். குயிலாப்பாளையம் அங்கிருந்து சைக்கிளில் அரைமணி தூரம், ஆனால் தென்னார்க்காட்டு மண். எங்களை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா லா ஷாப்பலுக்குக் கூட்டிப்போனார். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். முருங்கைக்காய், நகைக்கடை, புடவைக்கடை, தமிழ் போர்டு. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தேன். புதுச்சேரி நேரு வீதியில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

"இதுக்கா மாமா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"டூரிஸ்ட்டு போகாத இடம் வேணும்னியே மாப்ள" என்றார்.

அத்தை ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ழூர்" சொல்லவேண்டும். விலை கேட்பதெல்லாம் அப்புறம். சொல்லாவிட்டால் காதே கேட்காதாம்.

மே 7, ஞாயிறு

ஈஃபிள் கோபுரத்துக்கென்றுதான் கிளம்பினோம். ஆறாம் நம்பர் மெட்ரோ, தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிற ரயில். பாஸி தாண்டியதும் சேன் நதி, இடது பக்கம் கோபுரம். பெட்டி முழுக்கப் போன் தூக்கியது. பீர்ஹக்கீமில் கூட்டமெல்லாம் இறங்கிவிட்டது. நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டோம். அடுத்த ஸ்டேஷன் சுவரில் நீலப் பலகை. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"டியூப்ளேவா மாமா?"

"துப்ளெக்ஸ். கடைசி எழுத்தையும் சேத்துச் சொல்லணும்."

பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை வருஷமாக ஒரு மனுஷனின் பேரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். 1742 முதல் 1754 வரை புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு கவர்னர். இறங்கிவிடலாம் என்றேன். மாமாவுக்குப் புரியவில்லை. இந்த ஊரில் முப்பது வருஷமாக இருக்கிறார், இந்த ஸ்டேஷனில் இறங்கியதில்லை.

கீழே வந்தால் அடுத்த ஆச்சரியம். ரயில் ஓடும் பாலத்தின் அடியில், இரும்புத் தூண்களுக்கு நடுவே நீளமாக ஒரு சந்தை. புதன், ஞாயிறு காலையில் மட்டும் கூடுமாம். மீன்காரர் ஒருவர் கத்துகிறார். மேலே ரயில் வரும்போது நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். பிளம்ஸ் மாதிரி ஒரு பழத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்கார அம்மாள் என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அவளே வேறு இரண்டைப் பொறுக்கித் தந்தாள். பழத்தை நாம் தொடக்கூடாதாம். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் யாராவது இப்படிச் செய்தால் அங்கேயே சண்டை.

அங்கிருந்து துப்ளெக்ஸ் தெரு. அதிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவின் மூலையில் பலகையைப் பார்த்தேன். நீல எனாமல், பச்சை விளிம்பு, வெள்ளை எழுத்து. 'ரூ து பொந்திஷேரி'. புதுச்சேரித் தெரு. நம்ம புதுச்சேரி வெள்ளை நகரத்தில் தமிழும் பிரெஞ்சுமாக மாட்டியிருக்கும் நீலப் பலகைகளின் அண்ணன் மாதிரி இருந்தது. நடுத்தர வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி, சைக்கிள் ஒன்று சங்கிலி போட்டுக் கிடந்தது. பார்க்க எதுவுமே இல்லை. பலகைக்கடியில் நின்று மாமாவைப் படம் எடுக்கச் சொன்னேன். நாய் பிடித்துக்கொண்டு போன பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, பலகையையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நம்ம ஊரில் துப்ளெக்ஸ் தெரு என்று இருந்ததுதான் இன்றைய நேரு வீதி. நாம் மாற்றிவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் உயிரோடிருந்த காலத்தில் அவர்களே அந்த மனுஷனைக் கவனிக்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செலவழித்த சொந்தப் பணத்தைக் கேட்டுக் கேட்டு அலைந்து, 1763-ல் இதே பாரீசில் வறுமையில் செத்துப்போனார். எனக்கு அவர்மேல் பெரிய பரிவு கிடையாது. 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தது அவர் ஆட்சியில்தான்.

மே 8, திங்கள்

விடுமுறை. 1945-ல் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த நாள். கோபுரத்தை ஒருவழியாகப் பார்த்தேன். அதைவிட, இரண்டு பக்கமும் ஓடும் சாலைகளைத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் லபூர்தொனே அவென்யூ, 1746-ல் சென்னையைப் பிடித்தவர். மறுபக்கம் சுஃப்ரேன் அவென்யூ, 1783-ல் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரோடு மோதியவர். இரண்டு பேருக்கும் புதுச்சேரியிலும் தெரு இருக்கிறது. சுஃப்ரேன் தெருவில் நான் வாரம் ஒருமுறை வண்டி நிறுத்துகிறேன், ஒருநாளும் யார் என்று கேட்டதில்லை.

மதியம் மழை. அத்தை மீன் குழம்பு வைத்தாள்.

மே 9, செவ்வாய்

லாலியைத் தேடிப் போனேன். இன்றைக்கென்று வேண்டுமென்றே.

எனக்கு வந்தவாசி என்றால் அக்கா வீடு. திண்டிவனத்தில் பஸ் மாறவேண்டும், திரும்பும்போது கோரைப்பாய் கட்டிக்கொடுப்பாள். 1760 ஜனவரியில் அந்த வந்தவாசியில்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றார். மறுவருஷம் ஜனவரி 16-ல் புதுச்சேரியும் விழுந்தது. ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கைதியாக லண்டன் போன லாலி, துரோகி என்று தன்னைச் சொல்கிறார்கள் எனக் கேள்விப்பட்டு, தானே பிரான்சுக்கு வந்து நியாயம் கேட்டார். பஸ்தீல் சிறையில் போட்டார்கள். 1766 மே 9-ம் தேதி, பேசிவிடக் கூடாதென்று வாயைக் கட்டி, பிளாஸ் து க்ரேவ் என்ற சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். வோல்தேர் அவருக்காக விடாமல் எழுதினார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. தலை ஏற்கெனவே போய்விட்டது.

அந்தச் சதுக்கம் இன்றைக்கு நகரசபைக் கட்டடத்தின் முன்திடல். நம்ம ஊர் நகரசபையான மேரி கட்டடம் மாதிரிப் பத்து சேர்த்து வைத்த அளவு. பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்து ரொட்டி தின்றேன். அக்காவுக்குப் போன் போட்டு, "உங்க ஊர்ல தோத்தவரை இங்கதான் வெட்டினாங்க" என்றேன். "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

மே 11, வியாழன்

மாமா வேலைக்குப் போய்விட்டார். தனியாக ரிஷ்லியூ தெரு. பழைய தேசிய நூலகம். பல வருஷம் பழுது பார்த்து, போன செப்டம்பரில்தான் திரும்பத் திறந்திருக்கிறார்கள். முட்டை வடிவ மண்டபத்துக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், டிக்கெட் இல்லை. வாசலில் பையைத் திறந்து காட்டினேன், "போன்ழூர்" சொன்னேன், விட்டுவிட்டார்கள். மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் அடுக்கடுக்காகப் புத்தகம். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

வந்த காரணம் இதுதான். துப்ளெக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், போன கப்பல், துரை என்ன சொன்னார், துரைசாணி என்ன கேட்டாள், யார் லஞ்சம் கொடுத்தார், எல்லாம். புதுச்சேரி விழுவதற்கு நாலு நாள் முன்னால் இறந்துபோனார். அந்த ஏடுகள் 1846-ல்தான் வெளியே தெரிந்தன. அப்போது எடுத்த பிரதி ஒன்று இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளைமேல் ஒரு பைத்தியம்.

கையெழுத்துப் பிரதியைப் பார்க்க ஆராய்ச்சிக்காரர் அட்டை வேண்டும். ஸ்கூட்டர் கடைக்காரனுக்கு ஏது? இதே கூரைக்குக் கீழே எங்கேயோ நம்ம எழுத்து இருக்கிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கத்தை அங்கேதான் எழுதினேன். எதிரே இருந்த பெண் என் தமிழ் எழுத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே தெருமுனையில் பச்சை இரும்புக் குழாய், நாலு பெண் சிலைகள் கூரையைத் தாங்குகின்றன. 1872-லிருந்து இப்படி ஊரெங்கும் வைத்திருக்கிறார்களாம். பாட்டிலில் பிடித்துக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

மே 14, ஞாயிறு. குயிலாப்பாளையம்

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். காலை பத்து மணிக்கே பெங்களூர்ப் பையன்கள் இரண்டு பேர், இந்த வெயிலிலும். சாவியை வாங்கிக்கொண்டு அதே கேள்வி.

"பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்குப்பா. கீழே நம்ம ஊர் மரத்தூண், மாடியில பிரெஞ்சுக்காரன் பாணித் தூண். உள்ளே போக அனுமதி கேக்கணும். வெளியிலேர்ந்தாவது பாத்துட்டு வாங்க" என்றேன்.

"ரேட்டிங் எவ்ளோ அண்ணா?" என்று போனை எடுத்தான் ஒருவன்.

மூன்று மணிக்கு வண்டி திரும்பி வந்தது. போகவில்லையாம்.