தானியமில்லாத கல்

விக்ரோலி பார்க்சைட்டில் முப்பத்தோரு ஆண்டுகளாக மாவுச் சக்கி நடத்திவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், அண்மையில் ஔரங்காபாத்தின் பன்சக்கியைக் காணச் சென்றிருந்தார். பேத்தியின் பள்ளி விடுமுறை அதற்கு ஒரு காரணம். கடை இருக்கும் கட்டடம் மறுகட்டுமானத்திற்காக இடிபடவிருப்பது, வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம். புதிய கட்டடத்தில் அவருக்குக் கடை உண்டு. அதிர்வும் தூசும் எழுப்பும் தொழிலுக்கு அங்கு இடமில்லை.

'பன்' என்பது பானியின், அதாவது நீரின், குறுக்கம். புகாராப் பகுதியிலிருந்து வந்த சூஃபி ஞானி பாபா ஷா முசாஃபிரின் தர்கா வளாகத்தில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த நீராலை அது. மலையூற்று நீர் சில கிலோமீட்டர் தொலைவு மண்குழாய்களில் ஓடிவந்து, உயர்ந்த சுவரேறி, குளத்தில் அருவியாக விழுகிறது. அந்நீரின் விசைதான் கல்லைச் சுழற்றியது. தர்காவை அண்டியிருந்தோர்க்கும் வழிப்போக்கர்க்கும் அம்மாவே உணவாயிற்று.

எல்லாரும் அருவியைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அவர் கல்லருகே நின்றார்.

"தாத்தா, மோட்டார் எங்க?"

"தண்ணிதான்ளா மோட்டார்."

கல் சுழன்றது; தானியம் இல்லை. "வெறுமனே ஓட்டினால் கல் தேய்ந்துவிடுமே" என்று காவலரிடம் இந்தியில் சொன்னார். பார்க்க வருவோருக்குச் சுழன்றால் போதும் என்று காவலர் சிரித்தார்.

தமிழில் 'ஆலை' கரும்பு பிழியும் இடத்தையும் குறித்த பழஞ்சொல். முப்பந்தலின் காற்றாலைகள் எதையும் பிழிவதுமில்லை, அரைப்பதுமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (மும்பையின் மூத்த தமிழரிடம் 'மில்' என்றால் இன்றும் துணிமில்தான்.) இங்கிலாந்தின் வில்ட்சயரில் வில்டன் காற்றாலையின் கதை வேறு. புதிய கால்வாய் ஒன்று ஆற்றுநீரை இழுத்துக்கொள்ள, அவ்வூர்ப் பகுதியின் நீராலைகள் முடங்கின. அதனால் 1821இல் காற்றை நம்பி அதைக் கட்டினர். பின்னர் கைவிடப்பட்டு, 1976இல் மீட்கப்பட்டது. மீட்டவர்கள் அதைச் சுழலவிட்டதோடு நிற்கவில்லை; கோதுமையும் போட்டார்கள். பழுதுபார்த்தல் என்ற சொல்லுக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதில் ஐயம் எழ வழியில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, கடைவாசலில் பெயரெழுதிய டப்பாக்கள் வரிசையில் காத்திருந்தன. கட்டடத்தைக் காலிசெய்ய இரண்டு மாதமே மிச்சம். அவர் மேற்கல்லைக் கழற்றிப் புரட்டிவைத்து, உளியை எடுத்துக் கொத்தத் தொடங்கினார்.