கிளைக்கதையின் ரஸம்

மூலக் கதை ஒன்று புகழ் அடைந்த பிறகு, அதிலிருந்து கிளைத்து வரும் கதைகளைப் பற்றி நமக்குப் பொதுவாக நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை. பெயர் பெற்ற சரக்கை வைத்து இன்னும் நாலு காசு பார்க்கலாம் என்ற வியாபார புத்தியே அவற்றின் பிறப்புக்குக் காரணம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அந்த நினைப்புப் பொய்ப்பதும் இல்லை. அதிலும் அந்தக் கிளைக்கதை சித்திரப் படமாக, தொலைக்காட்சியில், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய காலை வேளையில் வருவதானால், அதைப் பொருட்படுத்துவதே கௌரவக் குறைவு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. ஆயினும், வியாசர் சொல்லாத அல்லியரசியைத் தாமே சிருஷ்டித்து, அர்ச்சுனனை அவள் வாசலில் காத்திருக்க வைத்து, அந்தக் கதையை விடிய விடியக் கேட்டு அனுபவித்த ஜனங்களின் சந்ததியாராகிய நாம், கிளைக்கதை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கிவிடுவது நியாயம் ஆகாது.

இந்த வகையில் நான் மிகவும் மதிப்பது 'ஸ்டார் டிரெக்' சித்திரத் தொடரை. அதன் மூலத் தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் 79 பகுதிகளாக ஓடி, ஆதரவு போதவில்லை என்று நிறுத்தப்பட்டது. நின்றபின் மறு ஒளிபரப்புகளிலே முன்னைவிட அதிக அபிமானிகளைச் சம்பாதித்துக்கொண்ட அந்த விண்வெளிக் கதையை, அதே கப்பலோடும் பெரும்பாலும் அதே மாலுமிகளோடும் ஃபில்மேஷன் என்ற நிறுவனம் சித்திரமாக்கி, 1973 செப்டம்பர் தொடங்கி 22 பகுதிகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் வழங்கியது.

சித்திர வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. சரீரம் சிலையாக நிற்க உதடு மட்டும் அசையும்; ஒரு கதைக்காக வரைந்த காட்சி இன்னொரு கதையிலும் தயங்காமல் வந்து தலைகாட்டும். ஆனால், கண்ணுக்குக் குறைந்ததைக் காதுக்கும் கருத்துக்கும் ஈடுசெய்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமே அந்தத் தொடருக்கு அநுகூலமாக முடிந்தது. பழைய நடிகர்களே குரல் கொடுத்தார்கள். செலவைச் சுருக்குவதற்காக நிஷெல் நிக்கல்ஸையும் ஜார்ஜ் டாக்கேயையும் விட்டுவிட யோசனை எழுந்தபோது, ஸ்பாக் என்னும் பாத்திரத்தை ஏற்ற லியனார்ட் நிமாய், அவர்கள் இல்லாமல் தாமும் இல்லை என்று உறுதியாக நின்று அவர்களைச் சேர்க்கச் செய்தார். மூன்று கைகளும் மூன்று கால்களும் உடைய ஏரெக்ஸ் என்ற மாலுமியை, ரப்பர் முகமூடியை நம்பியிருந்த மூலத் தொடர் கனவிலும் காட்டியிருக்க முடியாது. இங்கோ அவர் கப்பலின் சுக்கானருகே வெகு சகஜமாக அமர்ந்திருக்கிறார்.

எனினும், நல்ல கிளைக்கதையின் ரகசியம் இந்தச் சௌகரியங்களில் இல்லை. 1967-இல் வெளிவந்த மூலத் தொடரின் ஒரு பகுதியில், உணர்ச்சியை வெளிக்காட்டுவதே தகாது என்று வளர்க்கப்பட்ட ஸ்பாக், சிறு பிராயத்தில் கரடிபோன்ற செல்லப்பிராணி ஒன்றை வைத்திருந்தான் என்று அவனுடைய தாய் சொல்ல, கப்பலின் வைத்தியர் கேலி செய்கிறார். அந்தக் கரடிக்கு உயிரும் உண்டு, ஆறு அங்குலக் கோரைப்பற்களும் உண்டு என்று ஸ்பாக் பதில் சொல்கிறான். சிரிப்போடு கடந்துபோன அந்த வேடிக்கைப் பேச்சை எழுதிய டோரதி ஃபொன்டானா என்ற அம்மையாரே, ஆறு வருஷங்களுக்குப் பின் சித்திரத் தொடரில் அதை ஒரு முழுக் கதையாக விரித்தார். காலத்தைக் கடந்து தன் பால்யத்துக்கே போகும் ஸ்பாக், தூரத்து உறவினனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு, ஏழு வயதுச் சிறுவனான தன்னையே சந்திக்கிறான். பாலைவனத்தில் அந்தச் சிறுவனைக் காக்கப் போராடும் கிழட்டுப் பிராணி, விஷ நகங்களால் மரண காயம் அடைகிறது. வேதனையோடு சில நாள் உயிரை நீட்டிப்பதா, அமைதியாக விடுதலை கொடுப்பதா என்று அவ்வூர் வைத்தியர் கேட்க, சிறுவன் விடுதலையையே தேர்ந்துகொள்கிறான். தன் வாழ்க்கை முழுவதும் எந்த நெறியில் நடப்பது என்பதையும் அந்த வேளையிலேயே நிச்சயித்துக்கொள்கிறான்.

இங்கே என்னைக் கவர்ந்தது, சோகத்தை அவர்கள் மறைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை என்பதே. திரும்பி வந்த ஸ்பாக், சரித்திரத்தில் இம்முறை ஒரு செல்லப்பிராணி இறந்தது என்கிறான். காலத்தின் ஓட்டத்தில் அது பெரிதல்லவே என்று கப்பல் தலைவர் கிர்க் சொல்ல, சிலருக்கு அது பெரிதாக இருக்கலாம் என்று மட்டும் விடை கூறுகிறான். பலகாரம் தின்றுகொண்டே பார்க்கும் பாலர்களால் மரணத்தை அறிந்துகொள்ள முடியும் என்று அந்த ஆசிரியை நம்பினார். இத்தொடர் 1975-இல் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்ற முறையில் எம்மி விருது பெற்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பெரிய கதைக்கு எப்போதும் அவசரம் உண்டு. உலகைக் காப்பாற்றப் புறப்பட்டவன் ஒரு பிராணியின் சாவுக்காக நிற்க அவகாசம் ஏது? நிற்பதற்கு அவகாசம் உடையது கிளைக்கதைதான். பாத்திரங்களுக்கு மேலும் ஒரு சண்டையைத் தேடிக் கொடுக்கும் கிளைக்கதைகளை நாம் பார்த்த அன்றே மறந்துவிடுகிறோம். மூலம் போகிற போக்கில் உதிர்த்த ஒரு வார்த்தைக்கு முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் கிளைக்கதையோ, மூலத்தையே மாற்றிவிடுகிறது. 1967-ஆம் வருஷத்துப் பகுதியை இப்போது மறுபடி பார்க்கிறவர்கள், தாய் அந்தக் கரடியின் பேச்சை எடுத்ததும் வைத்தியரோடு சேர்ந்து சிரிக்க மாட்டார்கள். ஸ்பாக்கின் முகத்தையே பார்ப்பார்கள்.